சாவடியில் மறுநாள்

நல்ல சமாரியர் உவமையைக் கேட்டறியாத கிறிஸ்தவர் எவரும் இலர். திருவழிபாட்டின் மூன்றாம் ஆண்டில், பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறன்று அது வாசிக்கப்படும்போதெல்லாம் நாமும் அதைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறோம். எரிகோவுக்கு இறங்கும் சாலை, விலகிச் சென்ற குரு, விலகிச் சென்ற லேவியர், பரிவு கொண்ட சமாரியர், எண்ணெய், திராட்சை மது, காயக்கட்டு ஆகியவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். காயமுற்றவர் சாவடியை வந்தடைந்ததும் நம் மறையுரையும் முடிந்துவிடும். ஆனால் நற்செய்தியாளர் லூக்கா அங்கே முடிக்கவில்லை. மறுநாள் நடந்ததையும் எழுதுகிறார். மறுநாள் சமாரியர் இரண்டு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துவிட்டுத் தம் வழியே புறப்படுகிறார்.

தெனாரியம் என்பது அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஆக, சாவடிப் பொறுப்பாளரின் கைக்கு வந்தது இரண்டு நாள் கூலி. அது எத்தனை நாளைக்குப் போதும்? அவர் முகம் மலர்ந்தாரா, சுளித்தாரா? நற்செய்தி சொல்லவில்லை. குருமடத்தில் திருச்சபைத் தந்தையரைப் பயின்ற நாள்களில், ஒரிஜன் இவ்வுவமைக்கு உரைத்த பொருளைப் படித்தோம். சாவடி என்பது திருச்சபை; பொறுப்பாளர் என்பவர் அத்திருச்சபையின் தலைவர். புனித அகுஸ்தினாரோ அப்பொறுப்பாளரைத் திருத்தூதர் பவுலாகவே காண்கிறார். தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு அதனை மறந்துவிட்டோம். சாவடி திருச்சபை என்றால், ஒரு பங்கைப் பொறுத்தவரை அப்பொறுப்பாளர் நாம்தானே என்பது உறைக்க நமக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

சாலையில் கிடந்தவரின் காயம் கையிலோ காலிலோ பட்டிருந்தால் சில வாரங்களில் அவர் எழுந்து போயிருப்பார். அடி தலையில் பட்டு, மூளை காயமுற்றிருந்தால்? பத்தாம் நாள் கண் விழிப்பார். இரண்டாம் மாதம் எழுந்து நடப்பார். ஊரார் புதுமை என்பார்கள். ஆனால் காலையில் உண்டதை அவர் மதியம் மறப்பார். காரணமின்றிச் சீறுவார், அழுவார். கற்ற தொழில் கைக்கு வராது. உடன் வாழ்ந்த மனைவி, ‘இவர் அவர்தானா?’ என்று இரவில் தன்னையே கேட்டுக்கொள்வாள். அந்த வீடே சாவடியாகிவிடும். அந்த மனைவியோ தாயோ சாவடிப் பொறுப்பாளர் ஆகிவிடுவார். அவர் கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தவர் யாருமில்லை. மூளைக்காயத்தின் மறுநாளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை நம் வாசகர்களோடு சிறிது திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

மருத்துவ நூல்கள் இவ்வரலாற்றை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கேவண்டிஷ் என்னும் சிற்றூரில் தொடங்குவது வழக்கம். 1848 செப்டம்பர் 13 அன்று, இருப்புப்பாதை அமைக்கப் பாறை உடைக்கும் குழுவின் மேலாளரான ஃபினியஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞர், பாறைத் துளையில் வெடிமருந்தை இரும்புக் கோலால் கெட்டித்துக்கொண்டிருந்தார். மருந்து வெடித்தது. மூன்று அடி ஏழு அங்குல நீளமும் ஏறத்தாழ ஆறு கிலோ எடையும் கொண்ட அக்கோல், இடது கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறித் தொலைவில் போய் விழுந்தது. கேஜ் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து அமர்ந்தபடியே தாம் தங்கியிருந்த விடுதிக்கு வந்தார். முன்திண்ணையில் அமர்ந்து மருத்துவருக்காகக் காத்திருந்தார். உவமையில் வருவது போலவே இங்கும் ஒரு சாவடி! ஜான் ஹார்லோ என்னும் இளம் மருத்துவர் அங்கேயே பத்து வாரம் அவரைப் பேணிக் காப்பாற்றினார். நவம்பர் இறுதியில் கேஜ் பெற்றோரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அதன்பின் நிகழ்ந்தது நூல்கள்தோறும் எழுதப்பட்டுள்ளது. பொறுப்பும் அமைதியும் மிக்கவராயிருந்த இளைஞர், நிலையற்றவராய், தகாச்சொல் பேசுபவராய், எத்திட்டத்தையும் தொடங்கிய வேகத்தில் கைவிடுபவராய் மாறிப்போனார். பழைய மேலாளர் பணி அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. மூளையின் முன்பகுதி காயமுற்றால் மனிதரின் குணமே மாறக்கூடும் என்பதற்கு முதற்சான்றாக அவர் நிலைத்துவிட்டார். அவருடைய மண்டையோடும் அவ்விரும்புக் கோலும் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளன. மாணவர்கள் இன்றும் அவற்றைக் கண்டு செல்கின்றனர்.

ஆனால் அந்த மண்டையோடு அங்கே எவ்வாறு வந்தது என்பதை நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கோ கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. விபத்துக்குப் பின் கேஜ் பன்னிரண்டு ஆண்டுக்கு அருகே வாழ்ந்தார். முதலில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்தார். 1852-இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, வால்பரைசோவுக்கும் சந்தியாகோவுக்கும் இடையே ஆறு குதிரை பூட்டிய பயணியர் வண்டியை ஓட்டினார். உடல்நலம் குன்றியபோது, 1859-இல், சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியிருந்த தம் தாயிடமும் தங்கையிடமும் திரும்பினார். 1860 தொடக்கத்தில் வலிப்பு கண்டது. மே 21 அன்று தாயின் அருகிலேயே இறந்தார். நோயாளியின் சுவடே தெரியாமலிருந்த ஹார்லோவுக்கு, 1866-இல் அத்தாயோடு மடல் வழியே தொடர்பு கிட்டிய பிறகே அவர் முடிவு தெரியவந்தது. மருத்துவர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, மகனின் கல்லறையைத் திறக்கவும் மண்டையோட்டை அனுப்பவும் அக்குடும்பம் இசைந்தது.

அத்தாயின் பெயர் ஹானா. மகனைப் பற்றி அவர் ஹார்லோவிடம் கூறியவற்றுள் ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொட்டது. மகன், உடன்பிறந்தோரின் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, தாம் ஒருபோதும் செய்யாத வீரச்செயல்களைச் செய்ததாகக் கதை கட்டிச் சொல்வாராம். குழந்தைகள் மீதும் குதிரை, நாய் மீதும் அவருக்குக் கொள்ளைப் பிரியமாம். மருத்துவர் முதல் மாதங்களில் கண்ட முரடரும் தாய் இறுதி மாதங்களில் கண்ட மாமனும் ஒருவரே. ஆறு குதிரைகளை மலைப்பாதையில் ஏழாண்டுக் காலம் ஓட்டியவர் முற்றிலும் சிதைந்துபோனவராய் இருந்திருக்க இயலாது என்று, மால்கம் மேக்மில்லன் என்னும் ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். நாள்தோறும் ஒரே பாதை, ஒரே வேளை, ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்கே அவரைத் தாங்கிச் சீர்ப்படுத்தியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. மறுவாழ்வு என்னும் சொல் வழக்குக்கு வராத காலத்தில், தாமறியாமலேயே கேஜ் அதனைக் கண்டடைந்தார் போலும்.

அதனை அறிந்து செய்தவர்கள் பிறகு வந்தார்கள். இரக்கத்தால் மட்டும் வந்தார்களா என்றால் இல்லை. போர் அவர்களை வரவழைத்தது. முதல் உலகப்போரில் தலையில் குண்டுபட்டும் பிழைத்த படைவீரர் பல்லாயிரவர் ஜெர்மனியின் மருத்துவமனைகளில் நிறைந்தனர். 1916-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்னும் யூத மருத்துவர் அத்தகையோருக்காகவே ஒரு நிலையத்தை நடத்தத் தொடங்கினார். அங்கே படுக்கைகளோடு தொழிற்கூடமும் பயிற்சி வகுப்பும் இருந்தன. அவர் கூர்ந்து கண்ட உண்மை ஒன்று இன்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. மூளைக்காயமுற்றவரிடம் அவரால் இயலாத ஒன்றைக் கேட்டால், அவர் வெறுமனே தவறிழைப்பதில்லை. முழு மனிதரும் நிலைகுலைந்து, அச்சத்திலும் சினத்திலும் வீழ்கிறார். நாம் அதனைத் திமிர் என்கிறோம். அதனால்தான் அவர் தம்மைச் சுற்றியுள்ள பொருள்களை இம்மியும் பிசகாமல் அடுக்கி வைக்க விரும்புகிறார். ஒழுங்கு குலைந்தால் தாமும் குலைந்துவிடுவோம் என்பது அவருக்குத் தெரிகிறது.

1933-இல் நாத்சி ஆட்சி கோல்ட்ஸ்டைனைச் சிறையிலடைத்து, பின் நாட்டைவிட்டே துரத்தியது. அதே ஆட்சி சில ஆண்டுகளில், ‘உழைத்துப் பயன் தராதவர்’ என்று தான் முத்திரை குத்திய நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் ஆறு கொலைக் கூடங்களில் நச்சுக்காற்றால் கொல்லத் தலைப்பட்டது. 1941 ஆகஸ்ட் வரை மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று, மியூன்ஸ்டர் மறைமாவட்ட ஆயர் கிளமென்ஸ் அவுகுஸ்து வான் காலன், புனித லம்பர்ட் ஆலய மறையுரை மேடையிலிருந்து அக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பயனற்றவரைக் கொல்லலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், போர்முனையிலிருந்து உடல் சிதைந்து திரும்பும் வீரரின் கதி என்ன, முதுமையுற்ற நம் கதி என்ன என்று அவர் கேட்டார். அம்மறையுரை படியெடுக்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் போர்முனை வரை சென்றது. ஆட்சியாளர் அவ்வாயரைத் தொட அஞ்சினர். அம்மாத இறுதியில் கூடங்களின் கொலை அதிகாரபூர்வமாக நிறுத்தப்பட்டது. ஆயினும் மருத்துவமனைகளுக்குள் மறைவாகத் தொடர்ந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. 2005-இல் திருச்சபை அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தது.

அப்போரின் மறுபுறத்தில், உரால் மலைப்பகுதியில், அலெக்சாந்தர் லூரியா என்னும் ரஷ்ய உளவியல் மருத்துவர், மூளைக்காயமுற்ற வீரர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனையை நடத்தினார். அவரிடம் வந்தவருள் சசெத்ஸ்கி என்பவர் ஒருவர். 1943 மார்ச்சில், 23-ஆம் வயதில் தலையில் குண்டுபட்டவர். எழுத்தை மறந்தார், தம் உடலின் வலப்பக்கம் எது என்பதையும் மறந்தார். எழுத்து எழுத்தாகக் கற்ற பிறகு, ஏறத்தாழ 25 ஆண்டு, நாளொன்றுக்குச் சில வரிகளாக, 3,000 பக்கம் எழுதினார். தாம் எழுதியதைத் தாமே படிப்பதும் அவருக்குப் பெரும்பாடு. லூரியா அதனை 1971-இல் நூலாக்கினார். அறிவியல் உலகம் அந்நூலைப் போற்றியது. அவர் வாழ்ந்ததோ தம் தாயின் வீட்டில். தாய் சொல்லும் சிறு வீட்டு வேலையிலும் தடுமாறி நின்றதை அவரே எழுதியிருக்கிறார். தாயோ ஒரு பக்கமும் எழுதவில்லை. அவர் எழுதியிருந்தால் அது எத்தனை பக்கம் வந்திருக்கும்?

போர் ஓய்ந்தது, சாலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையடிபட்டு இறந்தபோது, அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஹியூ கேர்ன்ஸ் ஒருவர். அச்சாவு அவரைத் தலைக்கவச ஆராய்ச்சிக்குத் திருப்பியது. 1941-இல் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. (நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. ஞாயிறு காலை நம் ஆலய முற்றத்தில் நிற்கும் இருசக்கர வண்டிகளின் கைப்பிடிகளில் அவை அழகாகத் தொங்குகின்றன!) 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவிழப்பின் ஆழத்தை 3 முதல் 15 வரை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தனர், உலகெங்கும் மருத்துவமனைகள் இன்றும் அதனையே கையாளுகின்றன. மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வந்தன. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். பிழைத்து வீடு திரும்பினார்கள்.

அப்போதுதான் சிலருக்கு வீட்டிலிருப்போரைக் கேட்கத் தோன்றியது. 1974-இல் டென்மார்க் நாட்டின் இங்கர் தாம்சன் என்னும் ஆய்வாளர், கடுமையான தலைக்காயமுற்ற 50 பேரின் இல்லங்களைப் பற்றி எழுதினார். உறவினர் சொன்னது மருத்துவர் எதிர்பார்த்ததன்று. கை விளங்காததும் கால் இழுப்பதும் அவர்களுக்குப் பெருந்துயராயில்லை. குணம் மாறியதே துயராயிருந்தது. தாய் தாங்கிக்கொள்வதை மனைவியால் தாங்க முடியவில்லை என்பதையும் அவர் கண்டார். அது மனைவியின் குறையன்று. மகன் மீண்டும் குழந்தையானால் தாய்க்குப் பழகிய வேலை திரும்பி வருகிறது. கணவன் குழந்தையானால் மனைவி கணவனை இழக்கிறாள்.

கிளாஸ்கோவில் நீல் புரூக்ஸும் உடனாய்வாளரும் இன்னும் பொறுமையாய்க் காத்திருந்தனர். விபத்து நேர்ந்த ஓராண்டில் உறவினரைக் கேட்டார்கள். ஐந்தாண்டு கழித்து மீண்டும் கேட்டார்கள். 1986-இல் வெளிவந்த அவர்களின் முடிவு நம்மைத் திடுக்கிட வைப்பது. ஆண்டுகள் ஆக ஆகக் குடும்பத்தின் சுமை குறையவில்லை, கூடியிருந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நாம் எளிதாய்ச் சொல்லும் ஆறுதல் இவ்வீடுகளில் பொய்த்துப்போகிறது. முதலாண்டில் நம்பிக்கை இருக்கிறது, வந்து பார்ப்போர் இருக்கின்றனர், சேமிப்பு இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் இவற்றுள் ஒன்றுமில்லை.

இதனைப் படித்தபோது நம் முகத்தில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது. காரணம் உண்டு. நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில், கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து பதினெட்டு நாள் நினைவின்றிக் கிடந்தார். நோயில் பூசுதல் அளித்தோம். பங்கு முழுவதும் செபமாலை சொன்னது. அவர் கண் விழித்தார். நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, இலாசர் எழுந்த பகுதியை வாசித்து, நெகிழ்ச்சியோடு மறையுரை ஆற்றினோம். பிறகு ஓராண்டுக்கு மேல் அவ்வீட்டுப் படியை நாம் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றவுமில்லை. புதுமை நிகழ்ந்த வீட்டில் நமக்கு என்ன வேலை? அவர் மனைவி திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டுக் கண்டிக்கும் எண்ணத்தோடுதான் சென்றோம். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. அண்டை வீட்டாரிடம் ஐந்து வீட்டுப் பாத்திரம் துலக்கும் வேலை முடித்து வந்து அம்மையார் திறந்தார். கணவர் தெருவில் இறங்கி வழி தப்பிவிடுவாராம், அதனால் பூட்டு. பிள்ளைகளைக் கண்டால் அடிக்க ஓங்குகிறாராம். அவர் நம்மிடம் சொன்ன சொல்லை அவர் மொழியிலேயே எழுதுகிறோம்: “சாமி, அன்னைக்கே போயிருந்தா அழுது முடிச்சிருப்பேன். இப்ப எதுக்குன்னு அழுறது?”

நாம் பதில் சொல்லவில்லை. நம்மிடம் பதில் இல்லை. இறந்தோருக்கென்று நம்மிடம் அடக்கச் சடங்கு உண்டு. முப்பதாம் நாள் திருப்பலி உண்டு. ஆண்டு நினைவு உண்டு. நவம்பர் மாதம் முழுவதுமே உண்டு. உயிரோடிருந்தும் பழையவராய்த் திரும்பி வராதவருக்காக அழ எந்த நாளையும் நாம் குறித்து வைக்கவில்லை. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், போரில் காணாமற்போன வீரர்களின் மனைவியரை 1970-களில் ஆராய்ந்தபோது இத்தகைய துயருக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் ஒரு பெயரிட்டார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை. அல்லது ஆள் இருக்கிறார், ஆனால் அவர் அவராக இல்லை. இரண்டாம் வகையில் மறதி நோயாளரின் குடும்பமும் மூளைக்காயமுற்றோரின் குடும்பமும் அடங்கும். அத்துயருக்கு முடிவு கட்ட முயல்வது வீண், அதனோடு வாழக் கற்றுக்கொள்ளத் துணை வேண்டும் என்பது 1999-இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். கல்வாரியில் நின்ற தாய்க்கு இயேசு விளக்கம் ஒன்றும் தரவில்லை. ஒரு துணையைக் காட்டினார் என்பதும் அப்போது நம் நினைவுக்கு வந்தது.

அத்தகைய துணையைத் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொண்டவர்கள் குடும்பத்தினரே. 1979-இல் இங்கிலாந்தில், காயமுற்றோரின் உறவினர் சிலரும் அவர்களோடு நின்ற சிலரும் கூடி ‘ஹெட்வே’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். அது ஊர்தோறும் கிளைகளும் பகல்நேர நிலையங்களும் கொண்ட அமைப்பாய் வளர்ந்தது. பகலில் சில மணிநேரம் காயமுற்றவர் அங்கே இருப்பார்; அந்நேரம் வீட்டிலுள்ளவர் மூச்சு விடுவார். மறு ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மர்லின் ஸ்பிவாக் என்னும் தாய் இதே போன்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அவருடைய மகள் 1975-இல், 15-ஆம் வயதில், கார் விபத்தில் மூளைக்காயமுற்றிருந்தாள். உயிரைக் காத்த மருத்துவமனை, அதற்குப் பின் எங்கே செல்வது என்று சொல்ல இயலாமல் நின்றபோது, தம்மைப் போன்ற பிற பெற்றோரைத் தேடி அவர் புறப்பட்டார். 1996-இல் அந்நாட்டுப் பேரவை மூளைக்காயத்துக்கென்றே தனிச்சட்டம் இயற்றியதற்கு இக்குடும்பங்களின் இடைவிடாத முறையீடு பெருங்காரணம். இதற்கிடையில், அமெரிக்காவில் கோல்ட்ஸ்டைனிடம் பயின்ற யெகூதா பென்-யிஷாய், 1973-ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற இஸ்ரயேல் வீரர்களுக்கும், பின்பு நியூயார்க்கிலும், பகல்நேரப் பயிற்சி முறையை உருவாக்கினார். அதில் குடும்பத்தினரும் பயிற்சியில் அமர்வர். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து துரத்தப்பட்ட விதை வேறு மண்ணில் முளைத்தது.

நியூயார்க் என்றதும் நம் வேலூரை நினைக்காதிருக்க முடியாது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949-இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மருத்துவர் பி. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். அதே வேலூர்க் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அவருடைய காயம் தண்டுவடத்தில், மூளையிலன்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்பு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் பயின்று திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் எழுந்தது. மூளைக்காயமுற்றோரும் இன்று அங்கே பயிற்சி பெறுகின்றனர். பயிற்சி முடிந்து ஊர் திரும்பியோர் மீண்டும் வந்து கூடும் திருவிழா ஒன்றும் அங்கே உண்டு. அவர் கத்தோலிக்கர் அல்லர்; நம் சபையினர் பலருக்கு அவர் பெயரும் தெரியாது. சமாரியரும் எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்தவர் அல்லரே!

நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே உறவினர் பாய் விரித்துக் கிடப்பது பழைய வழக்கம். மேலைநாட்டார் ஆய்வு செய்து அறிந்ததை நாம் வழக்கத்தாலேயே பெற்றிருக்கிறோம். ஆனால் அவ்வுறவினர் பெரும்பாலும் மருந்து வாங்க அனுப்பப்படுகிறார். பயிற்சி அவருக்கு அளிக்கப்படுவதில்லை. அளிக்கப்படுமானால் அவர் கற்க வேண்டியவை அரியனவும் அல்ல. ஒரு வேளைக்கு ஒரு வேலையை மட்டுமே சொல்வது. நாளின் ஒழுங்கை மாற்றாதிருப்பது. மறதிக்குச் சுவரில் எழுதி வைப்பதும் சட்டைப் பையில் குறிப்பேடு வைப்பதும். வானொலியும் தொலைக்காட்சியும் கூச்சலும் ஒருங்கே ஒலிக்காதபடி பார்ப்பது. களைப்பைச் சோம்பல் என்று ஏசாதிருப்பது. வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதிருப்பது. முன்னேற்றம் முதல் மாதங்களில் விரைந்தும் பின்னர் மெதுவாயும் வரும். ஆண்டுகள் கழிந்தும் சிறுகச் சிறுக வருவதுண்டு. இவற்றைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அக்கொத்தனார் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியிராது என்று நினைக்கிறோம்.

அரசும் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேர மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பாராட்டத்தக்க பணி. அதனால் உயிர் பிழைத்த பலருக்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். எண்ணிப் பார்த்தால் அந்த 48 மணிநேரம் இரண்டு நாள்; இரண்டு தெனாரியம் குறித்த கூலியும் இரண்டு நாளுக்குரியதே. 49-ஆம் மணியில் சாவடிக் கணக்கு தொடங்குகிறது. நினைவு திரும்பாத கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கவும் மனைவி நீதிமன்றம் ஏறவேண்டிய நிலை உண்டு. கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் அத்தகையோருக்குக் காப்பாளரை அமர்த்தும் நெறிமுறையைத் தானே வகுக்க நேர்ந்தது, அதற்கெனத் தனிச்சட்டம் இல்லாமையால்தான்.

அவ்வீட்டில் நம்மிடம் பதில் இல்லாத அன்று, போகும்போது வழக்கம்போல், “உங்களுக்காகச் செபிக்கிறோம் அம்மா. வேறு என்ன வேண்டும்?” என்று கேட்டோம். பணம் கேட்பார், மகளுக்குப் பள்ளியில் இடம் கேட்பார் என்று எண்ணினோம். அவர் சிறிது தயங்கி, “ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் யாராச்சும் இவர்கூட இருந்தா, நான் பூசைக்கு வந்துட்டுப் போவேன் சாமி” என்றார்.

அப்பகுதி அன்பியத்தில் இதனைச் சொன்னபோது முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடிப்பாரோ என்னும் அச்சம் எல்லார்க்கும். இறுதியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும், கொத்தனாரோடு முன்பு சித்தாளாய் வேலை செய்த இளைஞர் ஒருவரும் ஒப்புக்கொண்டனர். முதல் ஞாயிறு அவர் அவ்விருவரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினார். மூன்றாம் ஞாயிறு இளைஞர் ஒரு மட்டப்பலகையும் கொஞ்சம் மணலும் கொண்டுபோனார். கொத்தனார் அரைமணி நேரம் மணலைப் பரப்பிச் சமன் செய்தார், கலைத்தார், மீண்டும் சமன் செய்தார். வந்தவரின் பெயரை மட்டும் வாரந்தோறும் புதிதாய்க் கேட்டார். நாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகி வரும்வரை, ஞாயிறு காலை முதல் திருப்பலியில், பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அந்த அம்மையார் அமர்ந்திருப்பார். சில நாள்களில் மறையுரை தொடங்கியதுமே உறங்கிவிடுவார். அருகிலிருப்போர் அவரை எழுப்பவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம்.